நண்பனை அடிக்க மறுத்த சாலமன்

சாலமன் முந்தாநாள் காலை கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பில் தம் வீட்டில் காலமானார். மகள் ரூபி போனில் சொன்னார். சிறுநீரகங்கள் செயலிழந்தன என்கிறது மருத்துவமனைச் சான்று. போலீஸ் அடிதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எனவே நானும் எழுதவில்லை.

அவரை அறியாதவர்களுக்காக: தங்கச் சுரங்கம் மூடும்வரை நிலத்தடியில் வேலை செய்தவர். பிறகு பெங்களூருவில் காவலாளி. சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இருந்த ஏகாம்பரமும் அதே வேலைக்குப் போனார். தினமும் ஒரே ரயில், ஒரே பெட்டி, ஓயாத கிண்டல்.

ஒரு மாலை ரயிலிலிருந்து இறங்கிய இருவரையும் போலீஸ் இழுத்துச் சென்றது. மூடிய சுரங்கத்தில் செம்புக் கம்பி திருட்டுப்போயிருந்தது. இனி வருவது சாலமன் நீதிமன்றத்தில் சொன்னது.

உள்ளங்கால்களில் லத்தி முறியும்வரை அடித்தார்கள். ஒப்புக்கொள்ள எதுவுமில்லை. அப்போது இன்ஸ்பெக்டர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவரையொருவர் அறையச் சொன்னார். பலமாக அறைபவன் வீட்டுக்குப் போகலாம்.

சாலமன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவன அடிக்க எனக்கு வராது சார்."

முதுகில் லத்தி இறங்கியது. மறுபடி சொன்னார்கள், மறுபடி மறுத்தார். தோல் கிழிந்து ரத்தம் கால்சட்டையை நனைத்தது. பிறகு ஏகாம்பரத்தின் முறை. அவர் அழுதபடி நின்றார்.

"அடிடா ஏகா. உன்னயும் கொன்னுடுவானுங்க" என்றவர் சாலமனே.

ஏகாம்பரம் அறைந்தார். "ஹொடி" என்று இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் விரட்ட விரட்ட அறைந்தார். சாலமனின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. விழுந்தவரைப் பூட்ஸ் கால்கள் மிதித்தன. விலா எலும்புகள் உடைந்தன. கம்பி திருடியவர்கள் வேறு ஊரில் பிடிபட்டதும், இருவரையும் வழக்கின்றித் தெருவில் விட்டார்கள்.

சாலமன் வழக்குத் தொடுத்தார். குடித்துவிட்டு இருவரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்றது போலீஸ் தரப்பு. நண்பர் அறைந்ததை மட்டும் சொல்லாதீர்கள் என்று வக்கீல் கெஞ்சினார். சாலமன் கூண்டில் ஏறிச் சொன்னார்: "கை ஏகாவோடது. அடிச்சது இன்ஸ்பெக்டர்."

ஏகாம்பரம் ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார். அவர் சாட்சி சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. சாலமன் அவர் வீட்டுக்கே போனார், நானும் உடனிருந்தேன்.

"ஊரே கேக்க, உன்ன அடிச்சேன்னு சொல்லணுமா?" என்று முணுமுணுத்தார் ஏகாம்பரம்.

"கத்திச் சொல்லுடா. இந்தப் பக்கம் கேக்காது. நீ பண்ண வேலதான்."

சாலமன் மட்டும் சிரித்தார். பிறகு சொன்னார்: "அடிச்சத சொல்லு. ஏன் அடிச்சன்னும் சொல்லு. எனக்கே தெரிஞ்சுபோச்சு, ஊருக்குத் தெரிஞ்சா இன்னா?"

சாலமன் உயிரோடு இருந்தவரை ஏகாம்பரம் கோர்ட் படியேறவில்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு ஏகாம்பரம் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அன்று அறைந்த வலது கையில் அள்ளிய மண்ணை இடது கைக்கு மாற்றிக் குழிக்குள் போட்டார். ரூபியின் அருகில் போய் நின்றார்.

"வாய்தா என்னிக்கிம்மா?"

"கோர்ட் லீவு முடிஞ்சதும், சித்தப்பா."

போய் வாருங்கள், சாலமன். உங்கள் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் பதிவாகிவிட்டன. ஏகாம்பரத்தின் சாட்சியம் நிலுவையில் இருக்கிறது. விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் வாரத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள்.