கூடத்தில் சோதித்த தோல்

தோல் நோய் கண்டவரை எவ்வாறு வினவ வேண்டும், எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதைச் செவிலிய மாணவியர்க்கு நெடுங்காலம் பயிற்றுவித்தவள் நான். அவர்களுள் சிலர் இன்றும் என்னைக் காணும்போது, நான் கற்பித்த முறையை மாறாது பின்பற்றுவதாகப் பெருமையுடன் கூறுகின்றனர். அச்சொல்லைத் தலைகுனியாமல் கேட்க இப்போது இயலவில்லை. ஆதலால் இதனை எழுதிவைக்கிறேன்.

செனாய் என்னும் ஊரில் என் தம்பி வீட்டில் வாழ்கிறேன். அவன் மகள் பதினைந்து வயதினள். இடைநிலைப்பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பவள். விடுமுறைக்கு வந்தால் என் அறையில், என் போர்வைக்குள்தான் உறக்கம். சென்ற ஆண்டிறுதி விடுமுறை முடியும் தறுவாயில் அவள் விரலிடுக்குகளைச் சொறியத் தொடங்கினாள்.

"ஹாஸ்டல்லேருந்து கொண்டாந்துட்டா லா இவ," என்றாள் தம்பி மனைவி. "இனிமே அங்க வேணாம். பக்கத்து ஸ்கூல்லயே போட்டுடலாம்."

அறிவியல் பிரிவுக்காக முயன்று பெற்ற இடம் அது. பெண் உணவைத் தொடவில்லை.

என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கூடத்திலேயே, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, அவள் பெற்றோரும் அண்ணனும் அமர்ந்திருக்க, அவள் சட்டைக்கையை மேலே சுருட்டினேன்.

"அத்த, ரூமுக்குப் போலாமே."

"நம்ம வீட்டு ஆளுங்கதானே, என்ன வெக்கம்?"

"அலமாக், இனிமே என் போன தொட்ட, கைய ஒடச்சிருவேன்," என்று அண்ணன் பதறுவதுபோல் கேலி செய்தான்.

வளரிளம் பருவத்தினரைத் தனிமையில் வைத்தே வினவுக என்று எத்தனை வகுப்புகளில் வலியுறுத்தியிருப்பேன்! அடுத்த பிழை அதனினும் பெரிது. எப்போது தொடங்கியது என்று கேட்டுவிட்டு வாய்மூடிக் காத்திருக்க வேண்டியவள், "ஹாஸ்டல்லயே ஆரம்பிச்சிருச்சுதானே?" என்றேன். அவள் தாயை ஒருமுறை பார்த்தாள். "தெரியல," என்றாள். அதை ஆம் என்றே எடுத்துக்கொண்டேன்.

சொறிசிரங்கு என்ற என் கணிப்பு மட்டும் தவறவில்லை. மருத்துவரும் அதனையே உறுதிசெய்து, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் கழுத்து முதல் பாதம் வரை பூச வேண்டிய மருந்தைத் தந்தார்.

என் முதுகுக்கு என் கை எட்டாது. அவளை அழைத்தேன். சொறிந்த தடங்கள் இருந்த இடத்தில் பூசிக்கொண்டிருந்தவளின் கை சட்டென நின்றது.

"அத்த, உங்களுக்கு எப்பலேருந்து அரிக்குது?"

முதுமைத் தோலின் வறட்சி என்றெண்ணி நான் எண்ணெய் தடவி வந்த அரிப்பு அது. பொந்தியான் ஊரில் முதியோர் இல்லமொன்றில் படுக்கையிலிருக்கும் தோழிக்குக் கைகால் பிடித்துவிட்டு வரத் தொடங்கிய சில வாரங்களில் தோன்றியது. என் மணிக்கட்டிலும் அந்த நோய்க்குரிய வளைந்த நுண்கோடுகள் இருந்தன. மூக்குக்கண்ணாடி அணிந்து அவள் தோலில் அவற்றைத் தேடிய நான், என் தோலைப் பார்த்திருக்கவில்லை.

"நீ லீவுக்கு வர்றதுக்கு முன்னாடியே," என்றேன்.

"எனக்கு இங்க வந்தப்புறம்தான் அத்த. ஹாஸ்டல்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவள் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

கூடத்துக்குச் சென்றேன். உண்மையைச் சொல்லாமலே, விடுதியை மாற்ற வேண்டாம் என்று மட்டும் பரிந்து பேசிவிடலாமா என ஒரு கணம் நெஞ்சு தடுமாறியது. பிறகு சொன்னேன்: "அவ கொண்டாரல. என்கிட்டேருந்துதான் அவளுக்கு ஒட்டுச்சு."

துவைப்பதற்காகப் போர்வைகளை அள்ளியிருந்த தம்பி மனைவி அப்படியே நின்றாள். "நர்ஸுங்களுக்கே பாடம் நடத்துனவங்க நீங்க. உங்களுக்கே தெரியலயா அண்ணி?"

அவள் கையிலிருந்த போர்வைகளை வாங்கித் துவைக்க எடுத்துச் சென்றேன். பெண் விடுதிக்குத் திரும்பினாள். எங்கள் வீட்டில் நோய் முற்றும் நீங்கிவிட்டது. ஆயினும் இப்போது விடுமுறைக்கு வந்தால் தாயின் அறையில் படுக்கிறாள். காரணம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நோய்க்குறிகளைப் பற்றி நான் எழுதியவற்றில் பிழை காணும் மருத்துவத் துறையினர் திருத்தித் தருவார்களாக. அப்பெண்ணும் இதனைப் படிக்கக்கூடும். அவள் பேசியவற்றை என் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். தான் சொன்னது வேறு என்று அவள் கூறுவாளாயின், படிப்போர் என் எழுத்தை அடித்துவிட்டு அவள் கூற்றையே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.