பலகை போட்ட ஞாயிற்றுக்கிழமை

நான் குடியிருக்கும் இத்தாலிய ஊரில் அந்தக் கார்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலகத்தில் பாதிப் பையன்கள் சுவரில் படம் ஒட்டி ஏங்குகிற கார்கள் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகின்றன. விற்பனைக்கு அனுப்பும் முன் சோதனை ஓட்டத்துக்கு எங்கள் தெரு வழியாகவே வந்து போகும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கமாட்டார். வந்த புதிதில் நான் மட்டும் ஒவ்வொரு முறையும் தோசைக் கரண்டியோடு பால்கனிக்கு ஓடுவேன். ஒருநாள் நான் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சின்யோரா வெளிறிப்போய், "கே ஸுச்சேஸ்ஸோ?" என்றார். என்ன ஆயிற்று என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் "மாக்கினா, மாக்கினா" என்று தெருவைக் காட்டினேன். கார், கார். கார் யாரையோ இடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் முதலுதவிப் பெட்டியோடு படியிறங்கி ஓடினார். கீழே யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று கண்டதும் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வைதான். அதற்குப் பிறகு நான் பால்கனிக்கு ஓடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்தது ஆவடியில், டாங்கி செய்யும் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில். வீட்டுப்பாடம் எழுதும்போதே சோதனைத் திடலில் டாங்கி உறுமுவது கேட்கும். சத்தத்தை வைத்தே எது புதுசு, எது மராமத்துக்கு வந்தது என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அங்கே கிடைத்த கூட்டாளிகள் மூன்று பேர். பிரபு முத்தாபுதுப்பேட்டைக்காரன், தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். செல்வம் இப்போது அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்க்கிறான். பாஷா அம்பத்தூரில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறான். ஒரே ஒரு கார் பத்திரிகையை வாங்கி நாலு பேரும் கிழியக் கிழியப் படித்து, என்றைக்காவது அந்தக் காரை வாங்கியே தீருவோம் என்று சபதம் போட்ட கூட்டம் இது. நான் இத்தாலிக்கு வந்ததோ பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரம் செய்கிற ஆலைக்கு. எத்தனை தடவை சொன்னாலும் அது அவர்கள் காதில் ஏறவில்லை. "எங்க கோமு அங்கதான் அந்தக் காருக்கு எஞ்சின் மாட்டிகினு கீறா" என்று பாஷா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

இந்த முறை விடுப்பில் போனபோது பிரபுவிடம் அந்தக் கார் இருந்தது. அவர்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, ஐ.டி. வேலைக்காரர்கள் குடியிருக்கிறார்கள். நிலம் விற்ற பணத்தைப் பாகம் பிரித்ததும் அண்ணன்மார் வாடகை வீடுகள் கட்டினார்கள். பிரபு பெங்களூரில் இரண்டு கை மாறிய கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கோ பெருமையாக இருந்தது. நாலு பேரில் ஒருத்தனாவது சொன்னதைச் செய்தானே என்று விமானத்திலேயே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உறையை எடுத்தார்கள். பிரபுவின் மனைவி மாலா கற்பூரம் காட்டினாள். அடுக்குமாடியிலிருந்து செல்போனோடு இறங்கி வந்தவர்கள், தெருக்காரர்கள் என்று நல்ல கூட்டம். கார் அடர் நீலம். செல்வத்துக்கு அதில்தான் குறை. "இத்தாலி வண்டின்னா செவப்பா இருக்க வாணாமா மச்சான்? இது பள்ளிக்கூடப் பாவாட கலரா கீது" என்றான். பாஷா கதவுக்குள் தலையை விட்டு இருக்கையைத் தடவிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். "இந்தத் தையல பாத்தப்பறம் நான் தச்ச சீட்டுல குந்த எனுக்கே வெக்கமா கீதுடா" என்றான். தெருக்காரர் ஒருவர், எத்தனை பேர் போகலாம் என்று கேட்டார். இரண்டு பேர் என்றதும், "அதுக்கு ஆட்டோவே போதுமே நைனா" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார். இத்தனை வருஷம் இத்தாலியில் இருந்தும் அப்படியொரு காரை நான் தொட்டதில்லை. முத்தாபுதுப்பேட்டையில்தான் முதல் தடவையாகக் கை வைத்தேன். தகரம் வெயிலில் சுட்டது, எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அந்தக் காருக்கு வயிறு தரையைத் தொடுகிற உயரம். நம் ஊரிலோ பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீடுகளெல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. வாசலிலிருந்து தெருவுக்கு ஏற்றவே நீளப் பலகைகள் சாய்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதேதான். இதற்கு அவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். செல்வம் பலகைகளை பைக்கில் கட்டிக்கொண்டு முன்னால் போவான். வேகத்தடையில் பலகையைப் போட்டு, டயருக்கு எதிரே குந்திக்கொண்டு, "வா, வா, லைட்டா ரைட்டு ஒடி, வா, அவ்ளோதான்" என்று குரல் கொடுப்பான். பாஷா பின்னால் ஸ்கூட்டரில் வந்து மற்ற வண்டிகளை நிறுத்துவான். பிரபு ஆமை வேகத்தில் ஏறி இறங்குவான். அவன் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தான். "கை காட்டாதீங்கடா. கொரல் மட்டும் குடு. கைய பாத்தா எனுக்குக் குழம்புது." பாட்டுப் போடமாட்டான், கண்ணாடியை ஏற்றமாட்டான். எஞ்சின் சத்தத்தை ரசிக்கிறான் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். "கொயந்தய இடுப்புல வச்சிகினு போற மாதிரி ஓட்டுறான் பாரு" என்று பாஷா என்னிடம் பெருமைப்பட்டான்.

வெளிநாட்டு விருந்தாளி என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பூந்தமல்லி சாலை வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவதுதான் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். வழியெல்லாம் ஜனம் கை ஆட்டியது. ஒரு சிக்னலில் பேருந்தே எங்கள் பக்கம் சாய்ந்துவிடும்போலிருந்தது. பிரபு என்னிடம் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினான். சாலையில் கவனம் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே உயரமான வேகத்தடை இருந்தது. செல்வம் எங்களுக்கு முன்னால் குந்தி, சரியாக உட்காராத பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். குரல் இன்னும் கொடுக்கவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி காட்டிய ஆள், "வா, வா, வா, வா" என்று கத்தினான். கார் நகர்ந்தது. செல்வத்தின் முதுகு எங்கள் கண்ணாடிக்கு நேர் எதிரே, பட்டப்பகலில், மஞ்சள் சட்டையில் இருந்தது. கார் அவனை நோக்கிப் போயிற்று. நான் அலறிய அலறலில் பிரபு பிரேக்கை மிதித்தான். காரின் மூக்கு பலகையில் மோதி, பலகை செல்வத்தை உருட்டிவிட்டது. அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இன்னா நைனா, என் மேலயே ஏத்திடுவ போலக் கீதே" என்று சிரித்தான். பாஷா சிரித்தான், லாரிக்காரனும் சிரித்தான். பிரபுவும் சிரித்தான். செல்வம் அதற்குள் சத்தமில்லாமல் என் பக்கம் வந்து பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரபு இன்னும் முன்னாலிருந்த வெறும் சாலையைப் பார்த்து, "சாரி மச்சான், சாரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"பிரபு, உனக்குக் கண்ணு தெரியலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மெதுவா பேசு. சக்கரைதான். நடுவுல மட்டும் கறுப்பா கீது. ஓரம்லாம் தெரியும்" என்றான். கை ஸ்டியரிங்கை விடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் போயிடும்னுட்டாரு டாக்டரு. அதுவரைக்கும்தானே ஓட்டப் போறேன். சொல்லாத கோமு. உன் காலப் புடிச்சிக்கிறேன்."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். செல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவனுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நடுச் சாலையில், எல்லோரும் போன் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "அவனுக்குக் கண்ணு தெரியாது. உன் கொரல வச்சித்தான் ஓட்டுறான்." செல்வம் முதலில் நம்பவில்லை. கார் எதிரே போய் நின்று, சத்தமில்லாமல் கையை ஆட்டினான். பிரபு அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஆட்டிய கை அப்படியே கீழே இறங்கியது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். செல்வமும் பாஷாவும் அந்த வண்டியைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். பல வருஷமாகச் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை எனக்கு. முதல் திருப்பத்திலேயே எதிர்ப்பக்கம் போய்விட்டேன், ஒரு ஷேர் ஆட்டோக்காரர் என் வம்சத்தையே திட்டினார். "லெஃப்டு, லெஃப்டு வா கோமு" என்றான் பிரபு. அதன்பின் வழி முழுக்க அவன்தான் சொன்னான். இங்கே பள்ளம், இங்கே மூடியில்லாத சாக்கடை, இந்த டீக்கடை தாண்டினதும் மாடு நிற்கும். எல்லாம் சொன்னபடி இருந்தது. நான் வளர்ந்த ஊரின் சாலை எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் செல்வம் கடைசித் தடவையாகப் பலகையைப் போட்டான். கார் உள்ளே இறங்கியதும் வெடித்தான். "வாரா வாரம் உன் டயர் முன்னாடி குந்திகினு கீறேன்டா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஓட்டியிருப்பேனே, நீ பக்கத்துல குந்தியிருக்கலாமே. என் உசுர இன்னான்னு நெனச்ச?" செல்வம் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாஷா யார் முகத்தையும் பார்க்காமல் அவன் பின்னாலேயே போனான்.

நான் மாலாவைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. இவரு கெடப்போவுதுன்னு தெரிஞ்ச வாரமே போயி காரு வாங்கினாரு. வாணாம்னா பைக்க எடுத்துகினு தனியா போவாரு. இதுலன்னா நாலு பேரு சுத்தி கீறாங்களேன்னு வுட்டுட்டேங்க்கா." இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய எனக்கு அவளிடம் கோபப்பட என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

பிரபு படியில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனேன். "செல்வம் செத்திருப்பான்டா" என்றேன்.

"தெரியும். நீ செஞ்சது சரிதான்" என்றான். கார் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆனா நீ அடுத்த வாரம் ஏறிப் பூடுவ. இருட்டுல இவங்கதான் எனுக்கு இருந்தாங்க. அவங்களையும் அனுப்பிட்ட" என்றான். குரலில் சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புலம்பெயர்ந்தவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஊருக்குப் போகிறோம், இரண்டு வாரம் இருக்கிறோம். கண்ணில் பட்டதைச் சொல்கிறோம், அது சரியாகவே இருந்தாலும் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். சொன்னதோடு குடித்தனம் நடத்த வேண்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றாலும் நான் சொல்லத்தான் செய்வேன். இருந்தும், சொன்னது யாராக இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. அங்கேயே இருக்கிற ஒருவர் சொல்லியிருந்தால், மறுநாளே இரண்டு கெட்ட வார்த்தையோடு சமாதானமாகியிருப்பார்கள்.

கார் போய்விட்டது. ஹைதராபாத்தில் யாரோ வாங்கிக்கொண்டார்களாம். லாரியில் ஏற்றியபோது பாஷா மட்டும் வந்து நின்றான் என்று மாலா சொன்னாள். செல்வம் வரவில்லை. எங்கள் நால்வரின் வாட்சப் குழுவில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்குப் பிறகு எதுவும் இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் மாலாதான் எடுத்தாள், அவர் தூங்குகிறார் என்றாள்.

போன வாரம் பிரபுவே வீடியோவில் கூப்பிட்டான். திரையில் ஒரு மின்விசிறி சுற்றியது, ஓரத்தில் அவன் காதில் பாதி தெரிந்தது. இத்தாலியில் குளிரா என்று கேட்டான். செல்வம் ஒரு தடவை வாசல்வரை வந்துவிட்டுப் போனானாம், உள்ளே வரவில்லையாம். மாலா சமையலில் உப்பு கூட என்று குறைப்பட்டான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். எங்கள் தெருவில் ஏதோ ஒரு கார் உறுமிக்கொண்டு போனது. அவன் பேச்சை நிறுத்தி, அது தேய்ந்து மறையும்வரை கேட்டான்.

"கோமு, நான் தெரியிறனா?" என்றான் பிறகு.

"நல்லா தெரியிறடா" என்றேன்.