வெர்னின் மணிக்கட்டு

பனித்தரையில் கனத்த கல்லைச் சறுக்கிவிட்டு வட்டத்தின் நடுவில் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில் எதிராளியைத் திட்டும் வழக்கம் கிடையாது. வெர்ன் ஷெவ்சுக்கின் வாழ்க்கை ஒரு பாராட்டால்தான் நாசமானது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் எங்கள் சிற்றூரில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் வெர்ன், தனக்கு மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதையே அறியாமல் ஐம்பது வயது வரை வாழ்ந்த பாக்கியவான். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே கல்லை விடுவார். அது போய் வட்டத்தின் நடுவில் உட்காரும். அணியின் கடைசிக் கல் எப்போதும் அவருடையதுதான்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை வாங்கித் தர வேண்டும். தோற்றவர்கள் உட்கார்ந்து குடித்தே ஆகவேண்டும். அப்படி ஒருநாள் அவரிடம் தோற்ற பக்கத்து ஊர் கிளென் கேட்டார்.

"கல்லை விடறப்போ மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பறியே, எப்படிய்யா அது? விரல்லேர்ந்து வருதா, முழங்கைலேர்ந்தா?"

வெர்ன் யோசித்தார். அதற்குப் பிறகு யோசனை நிற்கவே இல்லை. தனியாகப் பழகும்போது கல் ஒழுங்காகத்தான் போனது. ஆட்டம் சமமாகி, அரங்கத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஊர் நின்று பார்த்தால் மட்டும் கை அவரிடம் உத்தரவு கேட்டது. என்ன உத்தரவு கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை தவறினால் கடைசிக் கல்லை அவர் மனைவியின் தம்பி டார்ரலுக்குக் கொடுப்பது என்று அணி முடிவு செய்தது. டார்ரல் இந்தக் குளிர்காலம்தான் ஆட வந்தவன். "முட்டிய மடக்கு, கைப்பிடி பத்து மணி, மெதுவா பன்னெண்டு" என்று, கல்லின் கைப்பிடியைக் கடிகார முள்ளாகப் பாவித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடுவான்.

வெர்னின் கல் தவறியது. வட்டத்தைத் தாண்டிப் போய்ப் பின்பலகையில் மோதியது.

தன்னைக் கெடுத்த மருந்தையே மச்சினனுக்கும் ஊட்டினார் வெர்ன். அடுத்த ஆட்டத்தில், கடைசிக் கல்லுக்கு முன், கனிவாகக் கேட்டார்.

"மாப்ள, மணிக்கட்டை எப்படித் திருப்பறே?"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க மாமா. பத்து மணி, மெதுவா பன்னெண்டு."

மனதை முழுக்க மணிக்கட்டில் வைத்துக் கல்லை விட்டான். கல் நேராகக் கிளம்பியது. "பெருக்குங்க மாமா, பெருக்குங்க" என்று பின்னாலிருந்து கத்தினான். கல் பாதி வழியில் நின்றுவிடாமலிருக்க, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடினார் வெர்ன். கல் நடுவில் நின்றது.

ஜெயித்தாயிற்று. தோற்றவர் கிளென். வழக்கப்படி வெர்ன் அவருக்கு விஸ்கி வாங்கிக்கொடுத்து எதிரில் உட்கார்ந்தார். கர்லிங்கில் இனித் தனக்கு மிச்சம் துடைப்பம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதையாவது நன்றாகவே செய்தார்.

கிளென் மனதாரப் பாராட்டினார்.

"பெருக்கறப்போ இடது தோளை ஒரு மாதிரி இறக்கறே பாரு, அழகுய்யா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இறக்கறே, விட்டுட்டா?"

வெர்ன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெல்லத் திரும்பித் தன் தோளைப் பார்த்தார்.