எடைக்கல் விழுந்த தட்டு

என் தராசின் இடது தட்டில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. இரண்டு கிலோ எடைக்கல் விழுந்த இடம். கல் முதலில் விழுந்தது ஒரு மனிதனின் மணிக்கட்டில். மிச்ச வேகம்தான் தட்டில். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபோது கழித்துப் போட்ட பழைய தராசு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் அதில் நான் நிறுத்ததெல்லாம் ஒரு பூனையைத்தான்.

பூனை பக்கத்து வீட்டு மேஸ்திரியுடையது. நான் வேலை பார்த்த இடத்தில், முடி கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு அவர்தான் பொறுப்பு. வாயால் பேசுவதைவிடக் கையால் பேசியது அதிகம். ஒருமுறை, தோலைக் கிழித்துவிட்ட ஓர் ஆளின் பிடரியைப் பிடித்து, அவன் முகத்தைச் சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிறுத்திவைத்தார். நான் பதினேழு எண்ணிய பிறகுதான் விட்டார். அவர் வீட்டுக் கதவில் முஷ்டியால் குத்திய பள்ளங்கள் நான்கு உண்டு. அந்தக் கை அடங்கியிருந்தது, இறந்துபோன மனைவி வளர்த்த அந்தச் சாம்பல் நிறப் பூனையிடம் மட்டும்தான்.

அந்தப் பூனை வாந்தி எடுக்கத் தொடங்கியது. ஒரே மாதத்தில் பத்தொன்பது முறை. நாலு கிலோ இருநூறு இருந்தது, இரண்டு கிலோ எழுநூறுக்கு வந்துவிட்டது. முதுகைத் தடவினால் எலும்புக் கணுக்களை எண்ணலாம். வேலூரில் கால்நடை டாக்டரம்மா ரத்தம் பார்த்து, வயிற்றைப் படமெடுத்து, ஏதோ ஒரு சாப்பாடு குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இதுவரை தின்னாத ஒரே ஒரு கறி, உப்பில்லாமல் வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, கூடவே அவர் தந்த சத்துத் தூள், எட்டு வாரம். "நடுவுல வேற எதுவும் ஒரு துணுக்குகூடப் போகக்கூடாது. வாரம் ஒரு தரம் எடை பாருங்க."

கோழி, மீன், மாட்டுக்கறி, பால் எல்லாம் தின்று பழகிய பூனை. மிஞ்சியது வாத்து. ஏரிக்கரையில் வாத்து மேய்ப்பவர்களிடம் மேஸ்திரி வாங்கிவந்தார். வேகவைத்து, நார் நாராகக் கிழித்து, விரலால் ஊட்டினார். "இது பூட்ச்சின்னா நானும் பூடுவேன் சார். எட பாக்கறது உங்க பொறுப்பு" என்றார். டாக்டரம்மா வாரம் ஒரு தடவை சொன்னதை நான் தினமும் ஆக்கினேன். காலையில் மேஸ்திரி பூனையை என்னிடம் விட்டுவிட்டு வாத்து வேகவைக்கப் போவார்.

முதல் இரண்டு வாரம் பூனை தட்டில் துணிபோலக் கிடந்தது. வாந்தி வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மூன்றாம் வாரம் உடம்பில் தெம்பு வந்ததும் தட்டில் உட்கார மறுத்தது. வைத்தால் குதித்தது; முள் நிற்கவில்லை. பாதி நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் போட்டேன். தின்று முடிக்கும்வரை அசையாமல் இருந்தது. அதற்குள் எடை குறித்துக்கொண்டேன். மறுநாளும் போட்டேன். ஐந்து வேளை உணவும் என் நோட்டில் கிராம் கணக்கில் இருக்கிறது. கருவாடு இல்லை. கிடங்கில், சரக்கு சரியாமல் நிற்கக் கொடுக்கும் கோணியும் கயிறும் சரக்கில் சேராது, அவை மொத்த எடையிலிருந்து கழித்துவிடும் கழிவு. முப்பத்தொரு வருடம் அப்படித்தான் எழுதினேன். பூனை வயிற்றுக்குக் கழிவு கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வாந்தி திரும்பியது. எடை இரண்டரைக்கு இறங்கியது. ஐந்தாம் வாரம் ஒரு காலை, எடை பார்த்துக் கீழே இறக்கியதும் பூனை என் வீட்டுத் தரையிலேயே கக்கியது. பூனையை எடுத்துப்போக வந்த மேஸ்திரி குனிந்து விரலால் கிளறினார். ஒரு நெத்திலித் தலை.

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அவருடைய மகன், வேலைக்குப் புறப்பட்டவன், சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்தில் நின்றிருந்தான். மேஸ்திரி டப்பாவைப் பிடுங்கித் திறந்தார். கருவாட்டுக் குழம்பு.

"இன்னாடா இது?"

"நான் குடுக்கலப்பா."

"நீ குடுக்கல, பின்ன சாரா குடுத்தாரு?"

மகன் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் வலது கை தராசின் ஓரத்தில் இருந்தது. மேஸ்திரி எடைக்கல்லை எடுத்ததைக் கண்டேன், இறங்கியதைக் காணவில்லை. காய்ந்த தோலை மடித்தால் வரும் சத்தம் கேட்டது. அவன் அலறினான். என் சட்டைப் பையில் காகிதப் பொட்டலத்தில் பதினோரு நெத்திலிகள் இருந்தன. பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

அன்றோடு கருவாட்டை நிறுத்தினேன். பூனையைத் துணிப்பையில் போட்டுத் தட்டில் வைத்து, பையின் எடையைக் கழித்தேன். எட்டு வாரத்தைப் புதிதாக எண்ணினோம். வாந்தி நின்றது. மூன்று கிலோ தொள்ளாயிரத்துக்கு ஏறியது.

"பாத்தீங்களா சார், அவன் கைய ஒடச்சப்பறம்தான் இது தேறிச்சி" என்று மேஸ்திரி தெருவெல்லாம் சொன்னார். என்னிடம் சொன்னபோது தலையாட்டினேன். தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மகனுக்குக் கை கோணலாகவே கூடியது. தையல் மெஷினில் உட்கார முடியாமல் அதே கம்பெனியில் பெட்டி கட்டுகிறான்.

மேஸ்திரி இறந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் அந்த மகன் பூனையோடு வந்தான். "மாமா, ரெண்டு நாளா கம்மியா துன்னுது. எட பாருங்க."

தராசை இழுத்துத் துடைத்தேன். தட்டில் வைத்ததும் பூனை குதித்துவிட்டது. துணிப்பையைத் தேடி நான் தடுமாறியபோது அவன் சிரித்தான்.

"இன்னா மாமா, பாக்கெட்ல நெத்திலி இல்லியா?"

பையைத் தேடுவதை விட்டுத் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"கை ஒடயறதுக்கு மொத நாளுதான் ஜன்னல் வழியா பாத்தேன். உங்களாண்ட தனியா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தாளு கல்ல எடுத்துட்டாரு. உங்க பேர சொல்லியிருந்தா உங்க மண்டையிலதான் எறங்கியிருக்கும். எனுக்கு கையோட போச்சி."

பூனையை மறுபடி தட்டில் வைத்து, கோணல் கையால் அதன் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அதன் வயிறு நசுங்கலின் மேல் படிந்தது. "ம், பாருங்க" என்றான். எதிர்த்தட்டில் ஒவ்வொரு கல்லாக வைத்தேன். முள் நின்றது. பூனையோடு அவன் கையும் சேர்ந்த எடை அது. கையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவைக் கழிப்பது என்றும் தெரியவில்லை.