சிலுவை போட்ட கேமரா

காலை எட்டரைக்குத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் அதற்குள் உச்சிக்கு வந்த மாதிரி இருந்தது. நான் மதுரையில் பல் செட் செய்து பிழைக்கிறவன். ஓய்வு கிடைத்தால் ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் கடைகளில் ஃபிலிம் கேமரா தேடுவேன். இனி ஆகாது என்று தூக்கிப்போட்டதை வாங்கிப் பிரித்து, துடைத்து, மறுபடி படமெடுக்க வைப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. எதற்கெடுத்தாலும் பதறுவதும் என் குணம்தான். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் திரும்பி என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "இங்கன முத்து வாங்க வாராவ, கருவாடு வாங்க வாராவ, மக்ரூன் வாங்க வாராவ. பழைய கேமரா வாங்க வந்த மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி" என்றார்.

அவர் இறக்கிவிட்ட கடையில் கப்பலில் இருந்து கழற்றிய விளக்குகளும் படகு எஞ்சின் பாகங்களும் கூரை வரை குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவே அந்தக் கேமரா. உலோக உடம்பு, நல்ல கனம், லென்சில் ஒரு கீறல் இல்லை. லென்சுக்கு மேலே வெள்ளைப் பெயின்ட்டில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சிலுவை. யாரோ பக்திமான் வைத்திருந்தது போலும் என்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் இது மூவாயிரத்துக்குக் குறையாது. உடன்குடிக்காரரான கடை அண்ணாச்சி எண்ணூறு என்றார். வாய்ப் பழக்கத்தில் ஐந்நூறு என்றேன்.

"நானூறு குடுங்க, எடுத்துட்டுப் போங்க."

கேட்டதற்கும் கீழே இறங்கிய வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம பக்கத்துல இத யாரும் வாங்க மாட்டாவ" என்றார். ரிப்பேரைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து டீக்கடை மேசையிலேயே பிரித்தேன். ஷட்டர் இதழ்கள் கெட்டியான எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைப் பஞ்சில் நனைத்து, என் தொழில் ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கித் துடைத்தேன். வெளிச்சம் புகாதிருக்கப் பின்கதவை ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டை உருகித் தார் போலக் கையில் அப்பியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் 'டிக்' என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்திருந்த ஒரே ஃபிலிம் சுருளைப் போட்டேன். தொள்ளாயிரம் ரூபாய்ச் சுருள்.

மாலை நாலரைக்குத் திரேஸ்புரம் கடற்கரை. படகுகள் கரையேறிக் கிடந்தன. நிழலில் நான்கு பேர் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதுதான் தாமதம், நடுவில் இருந்தவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏலே, எந்திரிங்கலே. சவ வீட்டுக் கேமராலே அது."

வலையை அப்படியே போட்டுவிட்டு நால்வரும் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள். எனக்குக் கைகால் ஓடவில்லை. அருகில் கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்த பெண்தான் என்னிடம் வந்தார். பெயர் பிலோமி. நாற்பது வயதிருக்கும்.

"மூஞ்சிய மூடுனவன் என் தம்பி அந்தோணி. தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி" என்றார். "எங்க ஸ்டுடியோக்காரரு ரெண்டு கேமரா வச்சிருந்தாரு. நல்லதுக்கு ஒண்ணு, இழவுக்கு ஒண்ணு. மாறிடக் கூடாதுன்னு இதுல சிலுவை போட்டிருந்தாரு. சவப்பெட்டி மூடுததுக்கு முன்னால அதப் பிடிச்சுக்கிட்டு குடும்பத்தோட ஒரு படம் எடுப்போம்லா, அதுக்குத்தான் இது வரும். அவரும் போயிட்டாரு."

நானூறு ரூபாயின் ரகசியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க நெஞ்சோடு அணைத்துத் திரிந்த சாமான் கழுத்தில் பாரமாகத் தொங்கியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கழற்றிப் பைக்குள் வைக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"எங்க அப்பாவுக்கு, அம்மாவுக்கு, என் வீட்டுக்காரருக்குன்னு மூணு மட்டம் இதுக்கு முன்னால நின்னுருக்கேன். என்னைய அழுத மூஞ்சியாத்தான் இது பாத்துருக்கு. இப்ப சிரிச்சு ஒண்ணு எடுக்கியளா?"

செல்போனில் எடுத்துத் தரட்டுமா என்றேன். "அதுல கெடக்கு ஆயிரம். எனக்கு இதுல வேணும்" என்றார்.

கையைக் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு படகோரம் வந்து நின்றார். சிரித்த முகம்தான். நான் கேமராவை உயர்த்தினேன். அந்த நொடியில் அவர் தலை தானாக ஒருபக்கம் சாய்ந்தது, உதடு இறங்கியது. வலது கை இடுப்பு உயரத்தில் நீண்டு, அங்கே இல்லாத ஒன்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. நான் கேமராவை இறக்கிவிட்டேன்.

பிலோமி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியளா, அதுவா போவுது" என்றார். மறுபடி முயன்றார். மறுபடியும் அதே. மூன்றாவது முறை அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இந்தப் பொருளுக்கு ஏன்தான் உயிர் கொடுத்தோம் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

அப்போது அந்தோணி வந்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். "என்னைய ஏன்ளா சாவடிக்க" என்றபடி அக்காளின் வலப்பக்கம், அந்தக் கை போய் நிற்கும் இடத்தில், நட்டுவைத்த கம்பாக நின்றார். கை நீண்டு அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டது. பிலோமி திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். பார்த்ததும் பொங்கிச் சிரித்துவிட்டார். அழுத்தினேன்.

ராத்திரி பஸ்ஸில் மதுரை திரும்பும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டு அலமாரியில் நான் உயிர்ப்பித்த கேமராக்கள் வரிசையாக இருக்கின்றன. விலையும் மாடலும் கேட்டு வாங்கினேனே தவிர, அவை யார் யாரைப் பார்த்தன என்று ஒரு கடையிலும் கேட்டதில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுவாரம் படம் கழுவி வந்தது. பிலோமி வாய்விட்டுச் சிரிக்கிறார். ஆனால் அந்தோணி பயத்தில் இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேமராவில், பெட்டி இருக்கும் இடத்தில், மூடிய கண்கள். அனுப்பலாமா என்று இரண்டு நாள் தயங்கி, கடைசியில் பிலோமி தந்திருந்த எண்ணுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். வேண்டுமானால் இன்னொரு தரம் வந்து எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.



"கண்ணத்தான மூடியிருக்கான்" என்றார் பிலோமி. "நின்னுக்கிட்டுத்தான இருக்கான். அனுப்புங்க அண்ணாச்சி."