இலைகூடத் தின்னாதவள்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. என் மகளுக்குப் பெயர் வைக்க, பள்ளிபாளையத்தில் மெஸ் நடத்தும் என் அக்கா ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் செல்போனில் தேடிப் பிடித்த பெயரைக் குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொன்னாள்: அபர்ணா.

நான் தறி நூல் கடையில் வேலை செய்பவன். ஆனால் அஞ்சல் வழியில் ஆறு மாதம் சமஸ்கிருதம் படித்திருக்கிறேன். அந்த ஆறு மாதம் என்னைச் சும்மா இருக்க விடாது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததும் விளக்கத் தொடங்கினேன்.

"பர்ணம்னா இலைங்க. சிவனை நெனச்சுத் தவமிருந்த பார்வதி, கடைசில உதிர்ந்த இலையக்கூடத் தின்னாம விட்டுட்டா. அதனாலதான் அபர்ணா."

சாப்பிட்டவர்கள் கை அப்படியே நின்றது. அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன்டா, தெனமும் ஊருக்கே சோறு போடறவ நானு. எம் மருமவளுக்குப் பட்டினின்னா பேரு வெச்சுட்டேன்?"

"இல்லீங்க்கா, அது தவத்தோட பெருமை."

"மூணு தடவ சொன்னப்பப் பக்கத்துலதான நின்ன. அப்ப வாயில என்ன வெச்சிருந்த?"

உண்மையில் வெல்லம் வைத்திருந்தேன்.

அன்று மதியம் முழுக்கக் குழந்தை பால் குடிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு அழுதது.

"பேரு அதுக்குள்ள வேலையக் காட்டுது மாப்ள" என்றார் அக்காவின் கணவர்.

கடைசியில் அக்காவே வழி கண்டாள். குழந்தையைத் தோளில் தூக்கிப்போட்டு, பழைய பெயர் போகட்டும் என்று வலது காதில் மெல்ல ஊதினாள். இடது காதில் மூன்று முறை "அன்னபூரணி" என்றாள். குழந்தை பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது, பிறகு பால் குடித்தது. காரணம் ஏப்பம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முறைத்தாள்.

அன்னபூரணியும் அதே பார்வதிதான். இலையைத் துறந்தவளும் உலகுக்கு அன்னமிடுபவளும் ஒருத்திதான். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. மெஸ்ஸில் கூட்டம் நெரிந்த ஒரு மதியம், மெதுவாகச் சொன்னேன். கரண்டியோடு நின்று கேட்டாள்.

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னொரு காதுல இன்னொரு பேரு எதுக்குடா?" என்றாள்.