கயிறு தொலைத்த குதிரை

ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் பதினேழு வருடமாகத் தரையும் கண்ணாடியும் துடைத்துவந்த ஞானமலர், எந்தக் கண்ணாடியிலும் ஒரு விரல் அடையாளத்தை விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தன் கைப்பட எழுதிய மஞ்சள் தாளைப் புதிய கண்காட்சியின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, மோர்டென்ஸ்ருட்டுக்கு ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டார்.

கண்காட்சி இலங்கையின் விலங்குகளைப் பற்றியது. ஒரு சுவரில் அந்த மண்ணுக்கே உரியவை: யானை, சிறுத்தை, தேவாங்கு. எதிர்ச்சுவரில் கப்பலேறி வந்தவை: மன்னார்க் கழுதை, தோட்டந்துரவைத் தின்று தீர்த்த ஆபிரிக்க நத்தை. இதில் நெடுந்தீவு மட்டக்குதிரையின் படத்தை யானைக்குப் பக்கத்தில் மாட்டி, 'இலங்கையின் ஆதிக் காட்டுக்குதிரை' என்று எழுதியிருந்தார்கள். ஞானமலர் நெடுந்தீவில் பிறந்தவர். செவ்வாய்க்கிழமை திறப்புவிழா. அதற்குள் அந்தப் பலகை மாறியாக வேண்டும்.

வீட்டில், பிறந்து ஆறு கிழமையான பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகள் றொஷானியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்னத்தை அம்மா எழுதினனீங்கள்?"

"குதிரை காடு இல்லை. குதிரை கயிறு துலைச்சது எண்டு."

றொஷானி சிரித்த சிரிப்பில் பிள்ளை திடுக்கிட்டது. "ஐயோ, நீங்கள் எழுதுற நொர்ஸ்க் பாசையைக் கண்டால் குதிரையே ஓடிப்போகும்! பேரும் போட்டனீங்களோ?"

"போடாமல்? நான் என்ன கள்ளியே?"

"வேலையாலை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டட்டும். நாளைக்கு இவள் அங்கை போய், அம்மம்மான்ரை ஊர்க் குதிரையைப் பற்றிப் பொய்யை எழுத்துக்கூட்டி வாசிக்கிறதோ?"

வீரமாகச் சொல்லிவிட்டாரே தவிர, சனி ஞாயிறு முழுக்கத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் றொஷானியையே எடுக்கச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைக் கிண்டி ஒரு பழைய படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

திங்கள் காலை, கண்காட்சிப் பொறுப்பாளர் இங்ரிட் மஞ்சள் தாளும் கையுமாக அருங்காட்சியக வாசலில் நின்றார்.

"நாங்கள் பார்த்த புத்தகத்தில் காட்டுக்குதிரை என்றுதானே இருக்கிறது, ஞானமலர்?"

"புத்தகம் எழுதினவர் தீவுக்கு வந்தவரோ?"

ஞானமலர் படத்தை நீட்டினார். வெள்ளைச் சட்டை, தலையில் நெற்று முக்காடு, கையில் மெழுகுதிரி. பத்து வயது ஞானமலர். பின்னால் வரிசையாகக் கல் தூண்கள். ஒரு தூணுக்கு அருகே குதிரையொன்று எட்டிப் பார்த்தது.

"இது என்ரை முதல் நற்கருணை. அந்தத் தூண் ஒல்லாந்தன் கட்டின லாயம். காட்டுக்குதிரைக்கு ஆர் லாயம் கட்டுறது?"

இங்ரிட் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "அப்படியென்றால் இது வளர்ப்புக் குதிரையா?"

"அதுவும் இல்லை. கொண்டுவந்தவன் விட்டிட்டுப் போயிட்டான். பிறகு கயிறும் இல்லை, ஆளும் இல்லை. வெயில் காலத்திலை கிணத்தடிக்கு வரும், தண்ணி அள்ளி வார்ப்பம். குடிச்சிட்டு ஓடிடும், ஒருத்தருக்கும் முதுகு குடுக்காது. நாங்கள் கட்டாக்காலி எண்டுவம். கட்டிப்போடாத சீவன்."

"கட்டா... கா..." இங்ரிட்டின் நாக்கு தடக்கியது.

"காலி. கட்டாக்காலி."

இங்ரிட் படத்தை வாங்கிக்கொண்டு விறுவிறென்று மேல்மாடிக்குப் போனார். அன்று ஞானமலர் ஒரே படிக்கட்டை மூன்று தரம் துடைத்தார். மத்தியானம் இங்ரிட் இறங்கி வந்து சொன்னது ஒரேயொரு வசனம்: "நாளைக்கு வாளியைத் தொடவேண்டாம், சேலை கட்டிக்கொண்டு வாருங்கள்."

செவ்வாய்க்கிழமை ஞானமலர் பட்டுச்சேலை கட்டி, பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகளோடு முன்வாசலால் உள்ளே போனார். குதிரை எதிர்ச்சுவருக்கு மாறி, மன்னார்க் கழுதைக்குப் பக்கத்தில் நின்றது. கீழே நோர்வேஜிய மொழியில் அதன் கதை. அதற்கு மேலே, தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்தில்: கட்டாக்காலி. ஓரத்தில், கண்ணாடிக்குள், அந்த மஞ்சள் தாள்.

"அம்மா! எழுத்துப்பிழையோடையெல்லே மாட்டியிருக்கினம்!"

"மாட்டட்டும். குதிரை சரியான இடத்திலை நிக்குதெல்லே."

இங்ரிட் அவரைப் பெயர் சொல்லி முன்னே அழைக்க, எல்லாரும் கைதட்டினார்கள். ஞானமலர் பேத்தியைக் குதிரைக்குக் கிட்டத் தூக்கிப் பிடித்தார். பிள்ளை ஒரு உதை உதைத்தது. கால்மேசு கழன்று விழ, பால்மணம் மாறாத பாதம் கண்ணாடியில் பட்டு, ஐந்து விரலும் பதிந்தன.

றொஷானி துடைக்கக் கையெடுத்தாள்.

"விடு," என்றார் ஞானமலர். "அதிலை கை வையாதை."